பழைய கழுக்கோல்ல இருந்து ஆறடி வில்: மரம் பாக்குறது முதல் நாண் ஏத்துறது வரை

வணக்கம் மக்களே. மேசையில கிடக்குறது பழைய கழுக்கோல், அதாவது ஓட்டுக் கூரையைத் தாங்குற சாய்வுக் கட்டை. ஓட்டு வீடு இடிச்சப்ப இறக்குன அயனி மரம். இதுல இருந்து ஆறடி வில் ஒண்ணு எப்படி எடுக்குறதுன்னு சொல்லுதேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிருதேன். பழைய மரம்னா இரும்பு மாதிரி இருக்கும்னு ஒரு நம்பிக்கை நம்ம ஊர்ல உண்டு. கூரைக்கு அது சரி. கூரையில மரம் அசையாம பாரம் தாங்குனா போதும். வில்லுல முதுகுப் பக்கம் (குறியைப் பாக்குற முகம்) இழுபடும், வயித்துப் பக்கம் (நம்மளைப் பாக்குற முகம்) நசுங்கும், அதுவும் ஒவ்வொரு அம்புக்கும். கூரையில எத்தனை தலைமுறை நின்ன மரமா இருந்தாலும், நார் குறுக்க ஓடியிருந்தா முதல் இழுப்புலயே ஒடியும். அதனால மரத்தோட பேரைவிட, வயசைவிட, நார் ஓட்டம்தான் முக்கியம்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இடிச்ச வீட்டு மரம் விக்கிற கடைக்குப் போனா, கழுக்கோல், நிலை, உத்திரம், பட்டியல் எல்லாம் குவிஞ்சு கிடக்கும். பட்டியல்னா கழுக்கோல் மேல குறுக்க அடிக்கிற சட்டம், ஒல்லி, அதை விடுங்க. நமக்கு வேண்டியது ரெண்டு இஞ்சுக்குக் குறையாத கனம், ஆறரை அடி நீளம். அப்படிக் கனமா கிடைச்சா பிடிக்குத் தனியா கட்டை ஒட்ட வேண்டாம், ஒரே துண்டுல வெட்டிக்கிடலாம். பலகையைவிடக் கழுக்கோல் நல்லதுன்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

கையில ஒரு காந்தம், ஒரு டார்ச், ஒரு சின்ன இழைப்புளி கொண்டு போங்க. கடைக்காரர்ட்ட கேட்டுட்டு ஒரு ஓரத்தை லேசா இழைச்சுப் பாருங்க. அழுக்கும் புகைக்கரியும் போனாத்தான் நார் ஓடுற வரி தெரியும். அகலப் பக்கம் ஒண்ணு, அதை ஒட்டுன பக்கவாட்டு ஒண்ணு, ரெண்டுலயும் வரி ஒரு முனையில இருந்து மறு முனை வரை போகணும். நடுவுல ஓரத்துல போயி வெளிய இறங்குற வரி ஒண்ணு ரெண்டுன்னா பரவால்ல. நாலஞ்சுன்னா வச்சுட்டு வந்துருங்க. ஒரு பக்கத்தை மட்டும் பாத்து வாங்கிராதீங்க. மேல நேரா இருக்கும், பக்கவாட்டுல சாய்ஞ்சு ஓடும்.

பலா, அயனி ரெண்டுலயும் இன்னொரு வில்லங்கம் உண்டு. நார் ஒண்ணோட ஒண்ணு கோத்துக் கிடக்கும். இழைக்கும்போது ஒரு பட்டை வழவழன்னு வரும், பக்கத்துப் பட்டை பிய்ஞ்சு வரும். எதிர்ப்பக்கம் இருந்து இழைச்சா மாறி வரும். அதைக் கண்ணால கண்டுபிடிக்க முடியாது, பிளந்துதான் பாக்கணும். முனையில ஒரு அடித் துண்டு வெட்டி, உளியை வச்சு கொட்டாப்புளியால ஒரு அடி. இந்தா பாருங்க, இந்தத் துண்டு பிளந்த முகம் தட்டையா, ஏடு மாதிரி இருக்கு. இது சரி. இந்தத் துண்டு காத்தாடி இறக்கை மாதிரி முறுக்கிக்கிட்டுப் பிளந்திருக்கு. இதை வில்லாக்குனா வில்லோட கை, அதாவது பிடிக்கு ரெண்டு பக்கமும் வளையுற பாகம், ஒரு பக்கமா திரும்பி நாண் நழுவிரும்.

அடுத்தது ஆணி. பட்டியலைக் கழுக்கோலோட மேல் விளிம்புலதான் அறைஞ்சிருப்பாங்க, ஏறத்தாழ அடிக்கு ஒண்ணு. ஆணியைப் பிடுங்கிட்டா தீரும்னு நினைக்காதீங்க. துரு இறங்குன இடத்துல மரம் கறுத்து நார் செத்துப் போயிருக்கும். அந்தக் கறுப்பு முடியுற வரைக்கும் அறுத்துத் தள்ளணும். கீழ்ப்பாதியில இருந்து வில்லை எடுத்தா பெரும்பாலும் தப்பிச்சுக்கிடலாம். தலை முறிஞ்ச ஆணி உள்ள புதைஞ்சு கிடக்கும், காந்தத்தை நீளத்துக்கும் ஓட்டிப் பாருங்க. இல்லன்னா மில்லுல வாள் பல் போயிரும், மில்லுக்காரர் அடுத்த தடவை உள்ளயே விட மாட்டாரு.

தொய்ஞ்ச கழுக்கோல் வேண்டாம். வருசக்கணக்கா வளைஞ்சு நின்னதுல மேல் முகத்துல நார் நசுங்கி, மயிரிழை மாதிரி குறுக்குக் கோடு விழுந்திருக்கும். டார்ச்சைச் சரிச்சு அடிச்சா தெரியும். மாவு கொட்டுற சின்ன ஓட்டை இருந்தா உளுத்தது. பழைய பெயின்ட் இருந்தா ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. எரிக்காதீங்க, காய்ஞ்ச மேனிக்கு உப்புத்தாள் போடாதீங்க. நனைச்சுச் சுரண்டுங்க, மாஸ்க் கட்டாயம்.

எந்த மரம்னு கேப்பீங்க. அயனி, பலா வரி நேரா இருந்தா முப்பது முப்பத்தஞ்சு பவுண்டு வில்லுக்குத் தாராளம். பவுண்டுன்னா நாணை முழுசா இழுக்கத் தேவையான விசை. அமெரிக்காவுல வில்லுக்குப் பேர் போன ஓசேஜ் ஆரஞ்சும் பலாவும் ஒரே குடும்பம்தான். ஆனா சொந்தக்காரன்ங்கிறதுக்காகப் பலா அந்த அளவுக்குத் தாங்கும்னு எடுத்துக்கிடக் கூடாது. தேக்கு வளையும், முதுகுல துணி ஒட்டாம நான் சிபாரிசு பண்ண மாட்டேன். பனங்கை, அதாவது பனமரத்துல எடுத்த கூரைக் கட்டைக்கு, ரொம்பப் பேர் ஆசைப்படுவாங்க. வெளிப்பக்கத்துக் கறுப்பு வைரம்தான் வில், உள்சோறு எதுக்கும் ஆகாது. வைரம் முக்கால் இஞ்சாவது கனமா இருந்தா, அந்த வெளிப்பக்கத்தையே முதுகா வச்சு செய்யலாம். அதோட நார் ஊசி மாதிரி கையில ஏறும், கிளவுஸ் போடுங்க. முதல் வில்லுக்கு அது வேண்டாம்.

சிலபேர் வில்லுப்பாட்டு வில்லோட அளவைக் கேக்காங்க. அது வீசுகோலால நாண்ல தட்டுறதுக்கு உள்ளது, இழுத்து விடுறதுக்கு இல்ல. அந்த அளவு இதுக்கு உதவாது.

மரம் வந்தாச்சு, உடனே வேலை தொடங்கலாமான்னா, கூடாது. நம்ம குமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, கடல் காத்து வேற. எத்தனை வருசம் பழசானாலும் மரம் காத்துல உள்ள ஈரத்தைக் குடிச்சுக்கிட்டேதான் இருக்கும். வில்லுக்கு ஒன்பது பத்து சதவீத ஈரம் போதும். முதல்ல வில் வடிவத்துக்கு முரட்டுத்தனமா அறுத்துருங்க. ஒரு பிளைவுட் பெட்டியில அறுபது வாட் குண்டு பல்பு ஒண்ணு, மரத்துல இருந்து ஒரு அடி தள்ளி. தெர்மோகோல் பெட்டி வேண்டாம், தீப்பிடிக்கும். தினமும் தராசுல எடை போடுங்க. மூணு நாள் எடை மாறலன்னா காய்ஞ்சாச்சு. பிப்ரவரி, மார்ச்சுல செஞ்சா இந்தப் பாடு குறையும்.

அளவு சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. நீளம் 72 இஞ்ச். நடுவுல பிடி 4 இஞ்ச், அதுக்கு ரெண்டு பக்கமும் சரிவு 2 இஞ்ச் வீதம். இந்த 8 இஞ்சும் வளையக் கூடாது. பிடி அகலம் ஒண்ணேகால், கனம் ஒன்றரை. கையோட அகலம் 2 இஞ்ச், பலான்னா ரெண்டேகால். பாதிக் கை வரை அதே அகலம், அப்புறம் நுனியில அரை இஞ்சுக்கு நேரா குறைஞ்சு வரணும். கனம் சரிவுகிட்ட முக்கால், நுனியில அரை இஞ்ச். இது தொடக்கக் கனம்தான், மிச்சம் சுரண்டிக் குறைப்போம். முதுகுல எக்காரணம் கொண்டும் கை வைக்காதீங்க. விளிம்பை மட்டும் உப்புத்தாள் போட்டு உருட்டுங்க. கூரான விளிம்புலதான் சிலாம்பு முதல்ல கிளம்பும்.

கனத்தைப் பத்தி ஒரு கணக்கு. அகலத்தைப் பாதியாக்குனா விறைப்பும் பாதி. கனத்தைப் பாதியாக்குனா விறைப்பு எட்டுல ஒண்ணு. 12 மில்லியை 11 ஆக்குனாலே விறைப்புல கால்வாசி கிட்ட போயிரும். அதனால கடைசிக் கட்டத்துல இழைப்புளியைத் தூக்கி வச்சுட்டு, ஒடிஞ்ச ஹேக்சா பிளேடாலயோ கண்ணாடிச் சில்லாலயோ பைய சுரண்டுங்க.

இனிதான் டில்லரிங், அதாவது ரெண்டு கையும் ஒரே சீரா வளையுற மாதிரி வயித்துப் பக்கத்தைக் குறைக்கிறது. முதல்ல நுனியைத் தரையில ஊணி, பிடியை அழுத்திப் பாருங்க. ரெண்டு கையும் சுமாரா வளையத் தொடங்குனதும் நுனியில இருந்து ஒரு இஞ்ச் உள்ள நாண் வெட்டு போடுங்க. எலிவால் அரத்தை வச்சு பக்கவாட்டுல மட்டும் சாய்வா ராவணும், முதுகுல வெட்டு ஏறக் கூடாது. வில்லைவிட நீளமான நாணை அந்த வெட்டுல தொளதொளன்னு மாட்டி, செவுத்துல ஒரு கட்டை அடிச்சு பிடியை அதுல உக்கார வச்சு, தரையில கப்பி, கயிறு, நடுவுல தொங்கு தராசு. ஆறேழு அடி தள்ளி நின்னு இழுங்க. ஒடிஞ்சா துண்டு முகத்துக்குத்தான் வரும்.

விதி ஒண்ணே ஒண்ணு: கடைசியில என்ன விசை வேணுமோ, அதுக்கு மேல எப்பவும் இழுக்கக் கூடாது. 35 பவுண்டுன்னா 16 கிலோ. தராசு 16 காட்டுச்சுன்னா, நாண் பத்து இஞ்ச்தான் வந்திருந்தாலும் நிறுத்துங்க. சுரண்டுங்க. முப்பது தடவை லேசா இழுத்து விடுங்க. அதுக்கு அப்புறம்தான் சுரண்டுனது வளைவுல தெரியும். உடனே பாத்துட்டு இன்னும் பத்தலன்னு சுரண்டுறவங்க வில்தான் குழந்தை வில்லாகும்.

எங்க சுரண்டணும்னு கண்ணுக்குப் பிடிபடலன்னா, இந்தச் சின்னக் கட்டையைப் பாருங்க. ஆறு இஞ்ச் நீளம், ஒரு முகம் மட்டம், நடுவுல ஓட்டை போட்டு பென்சில் சொருகி ஸ்குரூவால இறுக்கியிருக்கு. வில்லை லேசா வளைச்சு நிறுத்தி, வயித்துல இந்தக் கட்டையை ஓட்டுங்க. அதிகமா வளைஞ்ச இடத்துல கட்டைக்கும் மரத்துக்கும் இடைவெளி அதிகமா இருக்கும். அந்த இடத்துல முனை பட்டும் படாம பென்சிலை இறுக்குங்க. இப்ப முழுக் கையிலயும் ஓட்டுனா, வளையாம விறைச்சு நிக்கிற இடத்துல பென்சில் தானா கோடு போடும். கோடு விழுந்த இடத்தை மட்டும் சுரண்டுங்க. விழாத இடத்தைத் தொடாதீங்க. பிடியை ஒட்டுன சரிவையும் நுனி ஆறு இஞ்சையும் இந்தக் கணக்குல சேர்க்க வேண்டாம்.

நீள நாண்ல ரெண்டு கையும் ஆறு இஞ்ச் சமமா வளைஞ்சதும், வில்லைவிடக் குட்டையான நாண் ஏத்துங்க. முதல்ல பிடிக்கும் நாணுக்கும் மூணு இஞ்ச், பிறகு ஆறு. அதுல இருந்து ஒவ்வொரு இஞ்சா இழுப்பைக் கூட்டி 28 வரை. வேண்டிய விசையைவிட ஒரு கிலோ கூடுதலா இருக்கும்போதே சுரண்டுறதை நிறுத்திருங்க, இந்த ஒரு கிலோ மட்டும் மேல சொன்ன விதிக்கு விலக்கு. உப்புத்தாள் போட்டு, கொஞ்சம் அம்பு விட்டதும் அது தானா இறங்கும். கீழ்க்கை ஒரு பொட்டு விறைப்பா இருக்கட்டும், நாணுக்கும் கைக்கும் உள்ள இடைவெளியில கால் இஞ்சுக்குள்ள வித்தியாசம் போதும்.

நாணை இறக்குனா வில் நேரா வரணும். ரெண்டு இஞ்சுக்கு மேல வளைஞ்சே நின்னா மரத்துல ஈரம், இல்ல அவசரப்பட்டு இழுத்திருக்கீங்க. வயித்துல குறுக்குச் சுருக்கம் விழுந்தா அந்த இடம் மட்டும் ஒல்லி. அதுக்கு ரெண்டு பக்கமும் சுரண்டி, பாரத்தைப் பங்கு போடணும். முதுகுல சிலாம்பு கிளம்புனா, சின்னதுன்னா தண்ணியா இருக்குற சூப்பர் குளூ விட்டு நூல் சுத்தலாம். ஒரு இஞ்ச் நீளம்னா அந்த வில்லை நம்பாதீங்க.

முதுகுத் துணிக்கு காடாத்துணி, ஃபெவிகால் மெரைன். இது வில்லோட விசையைக் கூட்டாது, சிலாம்பை அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். பிடிக்குக் கட்டை ஒட்டுறவங்க அரால்டைட் போடுங்க, சாதா பசை பாரத்துல நகரும்.

நாணுக்கு குளச்சல் வலைக்கடையில கிடைக்குற நைலான் நூல் வேண்டாம், ரப்பரா நீளும். டேக்ரான் பி-50ங்கிற பாலியஸ்டர் வில்நாண் நூல் பன்னிரண்டு இழை வாங்குங்க. நீளாத புது ரக நூல் மர நுனியை அறுத்துரும்.

மேல்பூச்சுக்குத் தேங்காண்ணெய் போடாதீங்க மக்கா. அது காயவே காயாது, பிசுபிசுன்னு தூசி பிடிச்சு மணக்கும். ஈரத்தையும் தடுக்காது. பாலியூரித்தேன் நாலு கோட்டு, நுனி வெட்டுக்குள்ளயும் சேத்து. அம்பில்லாம நாணை இழுத்து விடக் கூடாது. வேலை முடிஞ்சா நாணை இறக்கி, ரெண்டு ஆணி மேல படுக்கப் போடுங்க, செவுத்துல சாத்தி வைக்காதீங்க. அடுக்களைப் பக்கம், வெயில் அடிக்குற கார் உள்ள, ரெண்டும் ஆகாது.