பண்ணையாரின் துணிவா, பக்கத்தில் நின்றவர்களா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘முன்னோடிப் பண்ணையாரை நினைக்கும்போது முதலில் நிற்க வேண்டியது அவருடைய துணிவா, அவரோடு இருந்தவர்களா?’ இதுதான் தலைப்பு. துணிவே என்று பேசிய எதிரணித் தலைவர், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலப் பண்ணையார் சார்லஸ் குட்நைட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். பெயரைக் கேட்டதும் பாதிப் பேர் கொசுவர்த்தியைத் தேடினீர்கள், நானும் பார்த்தேன். இவர் வேறு. 1876-இல் சுமார் 1,600 மாடுகளோடு பாலோ டூரோ பள்ளத்தாக்கில் இறங்கியவர். வண்டி இறங்கப் பாதை இல்லை. அதைக் கழற்றிக் கோவேறு கழுதைகள் முதுகில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார்கள். துணிவுதான், இல்லை என்று யார் சொன்னது?

ஆனால் எதிரணித் தலைவர் “ஆளில்லாத காட்டில்” என்று மூன்று முறை சொன்னார். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஐயா, ஆளில்லாமல் ஆனது எப்படி? 1874 செப்டம்பரில் அமெரிக்க ராணுவத்தின் கர்னல் மெக்கன்சியின் படை அதே பள்ளத்தாக்கில் கொமான்சே, கையோவா, செயென் எனும் பூர்வகுடி மக்களின் கூடாரங்களைக் கொளுத்தியது. சுமார் 1,400 குதிரைகளைப் பிடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சுட்டுக் கொன்றது. குதிரை போனால் வேட்டை போச்சு, வேட்டை போனால் சோறு போச்சு. அடுத்த ஆண்டே கொமான்சே தலைவர் குவானா பார்க்கர் தன் ஆட்களோடு சரணடைந்தார். அதற்கு அடுத்த ஆண்டு நம் முன்னோடி வருகிறார். வீட்டைக் காலி செய்துவிட்டு “யாருமே இல்லையே” என்றால் எப்படி?

சரி, பணம்? ஜே.ஏ. பண்ணை என்று பெயர். குட்நைட்டின் பெயரில் ஜே-யும் இல்லை, ஏ-யும் இல்லை. அது ஜான் அடேர். 1877-இல் முதல் போட்ட பங்காளி. அயர்லாந்தில் 1861-இல் தன் நிலத்திலிருந்து 244 பேரை வெளியேற்றிய அதே நிலக்கிழார். பண்ணை பத்து லட்சம் ஏக்கரைத் தாண்டி, ஒரு லட்சம் மாடுகள் வரை வளர்ந்தது. தனி ஒருவரின் துணிவு மட்டும் அவ்வளவு மாட்டை மேய்க்காது.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். குட்நைட்டின் மனைவி மேரி ஆன், எல்லோரும் மாலி என்றார்கள். பக்கத்து வீடு என்று பார்த்தால் 75 மைல். பேச ஒரு பெண் துணை கிடையாது. ஒருநாள் ஒரு கௌபாய் சாக்கில் மூன்று கோழிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். நம் வீட்டில் என்றால் மசாலா அரைத்திருப்போம். (நடுவர் சிரிக்கிறார், அவர் வீட்டிலும் அதேதான் போல.) மாலி அவற்றோடு பேசினார்! கூப்பிட்டால் ஓடிவரும், பின்னாலேயே நடக்கும், அவற்றின் பாஷையில் பதிலும் சொல்லும் என்று பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அப்புறம் 1878-இல், வேட்டைக்காரர்கள் தாய்களைக் கொன்றுவிட்டுப் போன காட்டெருமைக் கன்றுகளைக் காப்பாற்றச் சொன்னதும் அவர்தான். அந்தக் கூட்டத்தின் வாரிசுகள் இன்றும் கேப்ராக் கேன்யன்ஸ் மாநிலப் பூங்காவில் மேய்கின்றன.

எதிரணியினர் சமையல் வண்டியையும் விடவில்லை. மாடு ஓட்டிப் போகும் வழியில் சமைக்க, 1866-இல் குட்நைட் பழைய ராணுவ வண்டியின் பின்புறம் இழுப்பறைகள் வைத்த பெட்டியைப் பொருத்தினார், மூடியைக் கீழே சாய்த்தால் மேசை. அருமையான யோசனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடியுமுன் எழுந்து அந்த மேசையில் மாவு பிசைந்தவர் யார்? குட்நைட் இல்லையே.

கடைசியாக ஒரு பெயர்: போஸ் ஐகார்ட். அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர், டெக்சஸிலிருந்து மாடுகளை விற்க ஓட்டிப்போன குட்நைட்–லவிங் பாதையில் மாடு ஓட்டியவர். மாடு விற்ற பணத்தை அவர் படுக்கைக்குள் வைத்து அனுப்புவார்களாம், கறுப்பரின் படுக்கையில் பணம் இருக்கும் என்று எந்தத் திருடன் நினைப்பான்? வேறு எவரையும்விட இவரை நம்பினேன் என்று சொன்னவரே குட்நைட்தான்.

1929 ஜனவரியில் ஐகார்ட் இறந்தார். தொண்ணூறைத் தாண்டிய குட்நைட், டெக்சஸின் வெதர்ஃபோர்டில் அவருக்குக் கல் நாட்டினார். நான்கு ஆண்டுகள் என்னோடு உழைத்தார், ஒரு வேலையையும் தட்டிக்கழித்ததில்லை, மிரண்டு ஓடிய மந்தைகளின் நடுவே என்னோடு குதிரையில் வந்தார், கொமான்சேக்களோடு மூன்று மோதல்களில் நின்றார் என்று அதில் பொறிக்கச் செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் குட்நைட்டும் போய்ச் சேர்ந்தார்.

நடுவர் அவர்களே, எதிரணியின் கதாநாயகரே எங்கள் அணிக்கு வாக்களித்துவிட்டுத்தான் போயிருக்கிறார், அதுவும் கல்லில். மணி அடித்துவிட்டீர்கள். நன்றி, வணக்கம்.