ஏலத்தில் விலை ஏற்றியவர் வாங்க வந்தவரே இல்லை!

சுத்தியல் விழப்போகிறது. மூலையில் இருக்கிற ஒருவர் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார். ஆனால் அவர் வாங்க வந்தவரே இல்லை, விற்பவர் உட்காரவைத்த ஆள்! விக்டோரியா காலத்து இங்கிலாந்தில், வழிப்போக்கர் விடுதிகளும் நிலங்களும் ஏலத்துக்கு வந்த நாட்களில், இது நீதிமன்றம் வரை போன விஷயம்.

முதலில், வழிப்போக்கர் விடுதிகள் ஏன் ஏலத்துக்கு வந்தன? ரயில்தான் காரணம். 1841-இல் லண்டன்–பிரிஸ்டல் பாதை முழுதாகத் திறந்ததும், லண்டனிலிருந்து பாத் நகரத்துக்குப் போகும் பாத் சாலையில் குதிரை வண்டிகள் குறைந்துபோயின. அந்தச் சாலையில், மார்ல்பரோவில் இருந்த புகழ்பெற்ற காசில் விடுதி 1843-இல் மூடப்பட்டது. அதே ஆண்டு அது பள்ளிக்கூடமானது. எல்லா விடுதிக்கும் அந்த யோகம் இல்லையே!

ஏலத்துக்கு வந்தால் கட்டடம் ஒரு லாட் (தனியாக ஏலம் விடும் பங்கு), குதிரைகளுக்குப் புல் வளர்த்த நிலம் வேறு லாட். அளவு ஏக்கர், அதன் சிறு பிரிவுகளான ரூட், பெர்ச் கணக்கில் இருக்கும். கூத்து என்னவென்றால், இந்த ஏலங்கள் பெரும்பாலும் ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற வேறொரு விடுதியில்தான் நடக்கும்!

சரி, அந்த மூலை ஆளுக்கு வருவோம். அவருக்குப் பெயர் 'பஃபர்', அதாவது விலையை ஊதிப் பெருக்குகிறவர். நிலம் அடிமாட்டு விலைக்குப் போகாமல் தடுக்க ஒரே ஒரு ஆள் வைத்தால் தப்பில்லை என்றது, நியாய உணர்வை வைத்துத் தீர்ப்புச் சொன்ன சான்சரி நீதிமன்றம். சொல்லாமல் ஒருவரை வைத்தாலும் மோசடி என்றன, முந்தைய தீர்ப்புகளிலிருந்து வளர்ந்த சட்டத்தைப் பின்பற்றிய பொதுச்சட்ட நீதிமன்றங்கள். ஒரே ஏலம் இங்கே செல்லும், அங்கே செல்லாது! வாங்கியவர் எங்கே போய் நிற்பார், சொல்லுங்கள்?

இதைவிட எனக்குத் தாங்காதது ஒன்று. சான்சரி உத்தரவில் நடக்கும் ஏலத்தில் சுத்தியல் விழுந்த பிறகும் ஒருவர் வந்து கணிசமாக அதிக விலை சொன்னால், மறுபடி ஏலம் விடலாம். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு! பணத்தைத் திரட்டிக்கொண்டு வந்த மனிதரின் வயிறு எப்படி எரிந்திருக்கும்?

1867-இல் நில ஏலச் சட்டம் வந்தது. குறைந்தபட்ச விலை உண்டா இல்லையா, விற்பவர் தரப்பு ஏலம் கேட்குமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும். குறைந்தபட்ச விலை இல்லை என்று அறிவித்துவிட்டால் விற்பவர் தன் ஆளை வைக்கவே கூடாது. மோசடியோ முறைகேடோ இருந்தால் தவிர, முடிந்த ஏலத்தைக் கிளறுவதும் நின்றது. என்னைக் கேட்டால், இந்தச் சட்டம் இருபது வருஷமாவது முன்னால் வந்திருக்க வேண்டும்.

உங்கள் ஊர் ஏலத்தில் இப்படி ஆள் வைத்து விலை ஏற்றியதைப் பார்த்திருக்கிறீர்களா? பெயர் எதுவும் வேண்டாம், நடந்ததை மட்டும் கமென்ட்டில் எழுதுங்கள்.