கிட்னியைச் சுற்றிக் கொழுப்பா?

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து ஸ்கேன் அறிக்கையோடு வருகிறவர்கள் உட்காரும் முன்பே கேட்பார்கள்: "டாக்டர், கிட்னியைச் சுத்திக் கொழுப்பு போட்டிருக்காம். கட்டியா? வெட்டணுமா?"

கிட்னியைச் சுற்றி மெத்தை போலக் கொஞ்சம் கொழுப்பு எல்லோருக்கும் உண்டு. அளவுக்கு மீறிச் சேர்ந்தால் கிட்னியை அழுத்தும். ரத்த அழுத்தம் ஏறவும் அது ஒரு காரணமாகலாம். அல்ட்ராசவுண்டில் வெள்ளையாகத் தெரிவதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாதபோது சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வோம். சிடி ஸ்கேன் ஒவ்வொரு பொருளின் அடர்த்தியையும் ஓர் எண்ணால் காட்டும். அந்த அளவுகோலில் தண்ணீர் 0, கொழுப்பு சுமார் மைனஸ் 100. எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கொழுப்பு கலந்த கட்டிகளும் இருக்கின்றன. ஒரே பக்கம் திரண்டு கிட்னியைத் தள்ளிக்கொண்டு நின்றால், நாங்கள் சும்மா விடமாட்டோம்.

இந்தக் கொழுப்பைக் கரைக்கவென்று தனி மாத்திரை கிடையாது. பல வருடம் கல் அடைத்து, சீழ் பிடித்து, கிட்னி சுருங்கிப்போய் அந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பியிருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். மற்றவர்களுக்கு எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80க்குள் இருப்பது நல்லது.

இன்னொரு காரணத்தை யாரும் தானாக வாய்விட்டுச் சொல்வதில்லை: இரவுச் சந்தையில் விற்கும் ஜாமு என்ற நாட்டு மூலிகை மருந்து. செம்பனைக் குலை வெட்டி முட்டி தேய்ந்தவருக்கு இரண்டே நாளில் வலி பறந்துவிடும். பசி பிடுங்கும். பிறகு முகம் உருண்டையாகும், வயிறு முன்தள்ளும், கைகால் மட்டும் மெலியும். இப்படிப்பட்ட பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்திருந்தது பலமுறை சோதனையில் பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு சேர்க்கும் கொழுப்பு கிட்னியையும் விட்டுவைக்காது. பொட்டலத்தில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கும் அரசாங்க மருந்துப் பதிவு எண்ணும் மின்னும் ஹோலோகிராம் ஒட்டும் இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் இதைக் கேட்டுவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பதை மறந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். திட்டுவார்கள் என்று ஒளிக்க வேண்டாம். என்ன சாப்பிட்டீர்கள் என்று தெரிந்தால்தான் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க முடியும்.