போடிமெட்டு: பதினேழு வளைவுகளில் மாறும் வானிலை

[காட்சி: விடியற்காலை. போடிநாயக்கனூரைத் தாண்டிய சாலை, எதிரே நீண்டு கிடக்கும் மலை]

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் நின்று மேற்கே பார்த்தால், ஊருக்கு மதில் எழுப்பியதுபோல மலைத்தொடர் நிற்கும். அதைக் கடந்து கேரளத்துக்குள் இறங்குவதற்கு வழிவிடும் கணவாய்தான் போடிமெட்டு. இத்தகைய கணவாயை இந்தப் பக்கத்து மக்கள் ‘மெட்டு’ என்றே அழைக்கிறார்கள். தெற்கே உள்ள கம்பம்மெட்டும் அவ்வாறு பெயர் பெற்றதே. கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, இந்த மெட்டின் வழியாகவே மூணாறு செல்கிறது.

முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. மெட்டை அடைவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பி, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு அமர்ந்திருப்பவருக்கு இது வெறும் காட்சி. பைக்கில் வருபவருக்கோ ஒவ்வொரு வளைவும் தோலில் உறைக்கும்.

[காட்சி: மலையடிவாரத்து முட்புதர்கள், பிறகு, முகட்டின் மீது வழியும் மேகம்]

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் இங்கே ஏறுவது தனி அனுபவம். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கேரளத்துச் சரிவில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, அங்கேயே மழையைக் கொட்டித் தீர்த்துவிடுவதால், போடிப் பக்கம் மழைமறைவுப் பகுதியாகி விடுகிறது. அடிவாரத்தில் வெயிலும் முட்புதர்களும் இருக்கும்போதே, உச்சியில் மேகம் பால் பொங்கி வழிவதுபோல முகட்டைத் தாண்டி வழியும். சற்றுக் கீழே இறங்கியதும், காற்று அழுத்தப்பட்டுச் சூடேறுவதால், அதே மேகம் நம் கண்ணெதிரிலேயே கரைந்து காணாமல் போகும். கரையும் அந்த விளிம்புக்குள் வண்டி நுழையும் கணத்தில் ஹெல்மெட் கண்ணாடியில் பனித்துளிகள் படர்கின்றன, கையுறை நனைகிறது, ஐந்தாறு டிகிரி வெப்பம் குறைந்திருப்பதை உடம்பு உணர்கிறது. மழைமறைவு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை இதைவிடத் தெளிவாக விளக்கும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

வடகிழக்குப் பருவத்தில் நிலைமை தலைகீழ். அக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்தச் சரிவே மழையை நேரே வாங்குகிறது. புலியூத்து போன்ற இடங்களில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நிற்பது உண்டு. அந்நாட்களில் பெருமழை பெய்தால் பயணத்தைத் தள்ளிவைத்துவிடுங்கள்.

[காட்சி: இடப்புறம் திரும்பும் வளைவு, அகலமாகச் சுற்றி ஏறும் பேருந்து]

இனி, வளைவுகளில் ஏறும் முறை. நாம் இடப்பக்கம் செல்பவர்கள் என்பதால், இடப்புறம் திரும்பும் வளைவில்தான் பாதை மிகக் குறுகலாகவும் செங்குத்தாகவும் அமைகிறது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, பார்வையைச் சக்கரத்தின் முன்னே வைக்காமல், வளைவு முடியும் இடத்தில் வையுங்கள். பார்வை போகும் பக்கமே வண்டியும் போகும். முன்னால் பேருந்து இருந்தால் அதன் இடப்பக்க இடைவெளியில் நுழையவே வேண்டாம். திரும்புவதற்காக அது முதலில் வலப்புறம் விலகும். பின்சக்கரம் உள்விளிம்பை ஒட்டியே வரும்.

காலை வேளையில் பின்னால் ஜீப்புகளின் ஹாரன் கேட்கும். ஏலத்தோட்ட வேலைக்காகப் போடிப் பகுதியிலிருந்து நாள்தோறும் மலையேறும் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பார்கள். நமக்கு இது உல்லாசப் பயணம், அவர்களுக்கு அன்றாடக் கூலி, ஒதுங்கி வழிவிடுங்கள்.

[காட்சி: மெட்டைத் தாண்டி பூப்பாறை செல்லும் சாலை]

மெட்டைத் தாண்டியதும் மர நிழலும் ஈரமும் விரும்பும் ஏலச்செடிகள் சாலையோரம் வரை வந்து நிற்கின்றன. காய் உலர்த்தும் ஸ்டோர்களைக் கடக்கும்போது அந்த வாசனை ஹெல்மெட்டுக்குள்ளும் புகுந்துவிடும்.

திரும்பி இறங்குவதுதான் கடினமான பாதி. பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவது பெரும் ஆபத்து. தொடர்ந்து பிரேக்கை அழுத்தினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும். குறுகலான இடத்தில் எதிரே ஒரு வண்டி ஏறி வந்தால், ஏறுபவருக்கே முன்னுரிமை என்பது சாலை விதி. நின்று, அதை அனுப்பிவிட்டு இறங்குங்கள். நிற்கும் அந்தச் சில நொடிகளில், கீழே போடியின் மாந்தோப்புகள் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்.