சந்தேகங்களுக்கு விளக்கம்: தொங்கவிட்ட வலை எப்பிடி ஓவியமாகும்?

சரி, அடுத்த கேள்வி. உப்புவெளியில இருந்து ஒரு அக்கா குரல்பதிவு அனுப்பியிருக்கிறா. இந்தக் கச்சான் காத்து வீசுற வெய்யில் காலத்தில திருகோணமலையில நடக்கிற எங்கட பகுதி ஓவியர்களின்ட கண்காட்சிக்கு மகளோட போயிருக்கிறா. "ஒரு அறை முழுக்கப் பழைய கரைவலையைத் தொங்கவிட்டிருக்கினம் தம்பி. எங்கட முத்தத்தில கிடக்கிறதும் அதுதான். கிழிஞ்சதைப் பொத்தின இடத்தில நூல்கூட வேற நிறம். இது எப்பிடி ஓவியமாகும்? பக்கத்தில எழுதியிருந்ததும் விளங்கேல்ல." இதுதான் கேள்வி.

அக்கா, அது ஓவியம் இல்லத்தான். அதுக்குப் பேர் இன்ஸ்டலேஷன். தமிழில நிறுவற்கலை எண்டு சொல்லுவினம். ஓவியத்தைத் தள்ளி நிண்டு பாக்கிறம், இதுக்குள்ள நடந்து போறம். அந்த அறை, வெளிச்சம், வலையில இன்னும் போகாத கருவாட்டு மணம், எல்லாம் சேர்ந்ததுதான் படைப்பு.

நானும் போய்ப் பாத்தனான். முதல்தரம் எனக்கும் ஒண்டும் பிடிபடேல்ல, உண்மையைச் சொல்லவேணும். ரெண்டாந்தரம்தான் கவனிச்சன்: வாசல் பக்கம் வலைக்கண் பெருசு. உள்ள போகப்போகச் சின்னனாகுது. ரெண்டு பக்கமும் நெருங்கி வந்து, கடைசியில மீன் சேருற பை, அந்த மடியில போய் முடியுது. உங்களுக்குத் தெரியாததா? கரைவலை அப்பிடித்தானே. மீன் போற பாதையால எங்களை நடக்க விட்டிருக்கிறார் இதைச் செய்த கலைஞர். மடிக்கிட்ட போய்த் திரும்பிப் பாத்தா வாசல் நல்லாத் தூரத்தில தெரியும். எனக்கு ஒருமாதிரி ஆயிட்டுது.

பிறகு நீங்க சொன்ன அந்தப் பொத்தல். பச்சை வலையில நீல நூல், ஒரு இடத்தில செம்மஞ்சள். வீட்டு முத்தத்தில கிடக்கேக்க அது முடிக்காத வேலை மாதிரித்தான் கண்ணுக்குத் தெரியும். பின்னால லைட்டைப் போட்டுத் தூக்கி விட்டா, எந்த இடத்தில கடலடிப் பாரில, பாறையில, சிக்கினது, எத்தனை பேர் இருந்து பொத்தினது எண்டு ஒரு கணக்கே தெரியுது. வலை பாத்துப் பழகாத ஆள் இதைக் காணமாட்டார். நீங்க வாசல்லயே கண்டிட்டீங்க.

பக்கத்தில இருந்த குறிப்பைப் பற்றி… அக்கா, அது எனக்கும் விளங்கேல்ல. வெளி, உடல், நினைவு எண்டு மூண்டு சொல்லை வைச்சுச் சுத்திச்சுத்தி எழுதியிருக்கு. இங்கிலீஷில எழுதிப்போட்டுத் தமிழாக்கின மாதிரி. அதை விடுங்கோ. கீழ சின்ன எழுத்தில இருக்கிறதைப் பாருங்கோ: என்னென்ன பொருளால செய்தது, எந்த வருஷம், என்ன அளவு. அளவில பொதுவா உயரத்தைத்தான் முதல்ல போடுவினம். அச்சுப்படத்தில 3/10 எண்டு பென்சிலால எழுதியிருந்தா, பத்துப் பிரதியில மூண்டாவது. சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தா வித்துப்போச்சு.

எங்களுக்கு இதெல்லாம் புதுசாத் தெரியிறது எங்கட பிழையில்ல. கொழும்பில 43 குழு எண்ட ஓவியர் கூட்டம் 1943இலேயே நவீன ஓவியத்தைத் தொடங்கியிட்டுது. ஆனா நவீன, சமகாலக் கலைக்கெண்டு ஒரு அருங்காட்சியகம் அங்கயே 2019 கடைசியிலதான் திறந்தது. திருகோணமலையில இருந்து ஆர் பாத்திருப்பினம்? மட்டக்களப்பு விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில படிச்ச பிள்ளையளின்ட வேலையைக்கூட நாங்க இப்பிடி ஒரு கண்காட்சி வந்தாத்தான் காணுறம்.

ஏன் இந்த வெய்யிலுக்க வைக்கினம் எண்டு இன்னொராளும் கேட்டவர். மாரியில வைச்சா அந்த ஈரத்துக்குக் கடதாசியில வரைஞ்சதெல்லாம் பூஞ்சணம் பிடிச்சிடும். கச்சானில வேற கரைச்சல், அக்ரிலிக் பெயின்ட் தூரிகையிலயே காஞ்சுபோகும். ரெண்டில இது பரவாயில்ல.

அக்கா, ஏலுமெண்டா இன்னொருக்காப் போங்கோ. அண்ணையையும் கூட்டிக்கொண்டு போங்கோ. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போனா யன்னலால வெய்யில் விழுந்து வலைநிழல் நிலத்தில கிடக்கும், அதுக்கு மேலயே நடக்கலாம். வலையில கை வைக்கலாமோ எண்டு அங்க நிக்கிற பிள்ளையளிட்டக் கேட்டிட்டு வையுங்கோ. நான் கேக்காமல் வைச்சு ஏச்சு வாங்கினனான்.

அடுத்தது, நிலாவெளியில இருந்து ஒரு தம்பி, வாட்டர்கலர் கடதாசியைப் பற்றி.