கன்னோஜ் அத்தருக்கு என்ன ஆயிற்று?

வணக்கம். உத்தரப் பிரதேசத்தில் இருக்கும் கன்னோஜை, ஹர்ஷரின் தலைநகரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அத்தருக்குப் பேர்போன ஊரும் அதுதான். சுட்ட களிமண்ணைக் காய்ச்சி மழைமண் வாசனையைக்கூட எண்ணெயில் இறக்கிவிடுவார்கள். அந்தத் தொழில் ஏன் சுருங்கியது?

(திரையில்: அடுப்பின் மேல் செம்பு அண்டா)

முதலில் அத்தர் எப்படி இறங்குகிறது என்று பார்த்துவிடலாம். இந்த அண்டாவுக்கு டேக் என்று பெயர். விடிகாலையில் பறித்த ரோஜாவைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, மூடியைச் சுற்றிக் களிமண்ணும் பஞ்சும் குழைத்துப் பூசி அடைக்கிறார்கள். கீழே விறகும் வரட்டியும் எரிகின்றன. ஆவி மூங்கில் குழாய் வழியாக, தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் பப்கா என்ற செம்புக் குடுவைக்குள் போகிறது. அதில் முன்கூட்டியே சந்தன எண்ணெய் இருக்கும். பூவின் மணத்தை எண்ணெய் பிடித்துக்கொள்ளும். அடியில் தங்கும் தண்ணீரை வடித்துவிட்டு, மறுநாள் புதுப் பூ. அதே எண்ணெயில் நாள்கணக்காக மணம் ஏற்றுகிறார்கள்.

தெர்மாமீட்டர் கிடையாது. காய்ச்சுகிறவர் குடுவையைக் கையால் தொட்டுப் பார்த்தே தணலைக் கூட்டுவார், குறைப்பார். சூடு மிஞ்சினால் டேக்கின் மேல் ஈரத்துணி. வருஷக்கணக்கில் பக்கத்தில் இருந்தால்தான் இந்தக் கைப்பக்குவம் வரும்.

சரி, சிக்கல் எங்கே? ஆல்கஹாலில் கரைத்த மலிவான சென்ட்தான் அத்தரைக் கொன்றது என்பார்கள். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய அடி சந்தன எண்ணெயின் விலை என்பேன்.

(திரையில்: சந்தன மரக்கட்டை)

இந்த மரம் நம் பக்கத்தது. தமிழ்நாடு, கர்நாடகக் காடுகளில் கடத்தல் மரங்களைத் தின்றது. சொந்த நிலத்தில் முளைத்த சந்தனமும் அரசுக்கே சொந்தம் என்றிருந்ததால் யாரும் ஆசையாக வளர்க்கவில்லை. கர்நாடகம் 2001-லும் தமிழ்நாடு 2002-லும் சட்டத்தைத் தளர்த்தின. ஆனால் நட்ட மரம் வைரம் பாய 15, 20 வருஷமாவது வேண்டுமே! அதற்குள் கன்னோஜில் பலர், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மலிவான எண்ணெயான லிக்விட் பாரஃபினுக்கு மாறிவிட்டார்கள். பாரஃபினுக்கென்று வாசனை கிடையாது. ரோஜா அடங்கிய பிறகும் தோலில் தங்கியிருந்த அந்தச் சந்தன மணம் போயே போய்விட்டது. இதுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம்.

அப்புறம், வாசனைக்காக அத்தர் வாங்கிய பான் மசாலா, குட்கா கம்பெனிகளே பெரிய வாடிக்கையாளர்களாக இருந்தன. 2012 முதல் மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் குட்காவைத் தடை செய்ய, அந்த வியாபாரமும் அடிவாங்கியது.

2014-ல் கன்னோஜ் அத்தருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான். ஆனால் வாங்கும்போது, உள்ளே இருப்பது சந்தன எண்ணெயா, பாரஃபினா என்று கடையில் கேளுங்கள். கிலோ 1 லட்சம் ரூபாய் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும், 10 கிராம் சந்தன எண்ணெய்க்கே 1,000 ரூபாய் ஆகிறது. பூ, விறகு, கூலி எல்லாம் தனி.