95 சதவீதக் கோட்டுக்கு உள்ளே

(கதிர்வீச்சு சிகிச்சைத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். திரையில் தெரிவது தொண்டைப் புற்றுநோய்க்கான ஒரு பிளான், அதாவது உடம்பில் எந்த இடம் எவ்வளவு கதிர்வீச்சு (டோஸ்) வாங்கும் என்று சிடி படத்தின் மேல் போட்ட கணக்கு. ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் 35 முறை, மொத்தம் 70 கிரே. வாரத்துக்கு 5 நாள் என்று 7 வாரம் ஓடும். ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் அதுதான் ஒரு கிரே. மொத்த 70 கிரேயையும் ஒரே மூச்சில் கொடுத்தால்கூட உடம்புச் சூடு ஒரு டிகிரி ஏறாது. அத்தனை சின்ன ஆற்றல், மரபணுவை உடைத்துத்தான் தன் வேலையைக் காட்டுகிறது.

சரி, படத்துக்கு வருவோம். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம்: சிவப்பில் டோஸ் அதிகம், நீலத்தில் குறைவு. கட்டி சிவப்புக்குள் இருக்கிறதா என்றுதான் எல்லோர் கண்ணும் முதலில் போகும். ஓரத்தில் இருக்கிற வண்ணப் பட்டையை முதலில் பாருங்கள் என்பேன் நான். இந்தச் சிவப்பு எங்கே தொடங்குகிறது? 95 சதவீத டோஸில் என்றுதான் எதிர்பார்ப்போம். யாராவது அதை 90 சதவீதத்துக்கு இறக்கி வைத்திருந்தால், போதாத டோஸும் போதுமானது போலத்தான் தெரியும். நீலம் எங்கே முடிகிறது? 50 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டாம் என்று வைத்திருந்தால், 30 கிரே வாங்குகிற இடம்கூட வெறும் சிடி படமாக நிற்கும். பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியின் சராசரியை 26 கிரேக்குள் நிறுத்தத்தான் இவ்வளவு பாடுபடுகிறோம். படத்தில் அது சுத்தமாகத் தெரியும், நோயாளிக்கோ வாய் வறண்டு கிடக்கும்.

இன்னொன்று, எதில் 95 சதவீதம்? பரிந்துரைத்த 70 கிரேயிலா, பிளானில் எங்கோ ஒரு புள்ளியில் வரும் உச்சத்திலா? உச்சம் 75 என்றால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட 5 கிரே வித்தியாசம். அதனால் கிரேயிலேயே பேசிப் பழகுங்கள்.

அப்புறம் டி.வி.எச்., அதாவது டோஸையும் உறுப்பின் அளவையும் சேர்த்துக் காட்டும் வரைபடம். கிடைக்கோட்டில் டோஸ், செங்குத்தில், உறுப்பின் எத்தனை சதவீதம் அந்த டோஸையோ அதற்கு மேலேயோ வாங்குகிறது என்ற கணக்கு. ஒரே பக்கத்தில் எல்லா உறுப்பும் அடங்கிவிடும், அதனால் மீட்டிங்கில் எல்லோருக்கும் இதன் மேல் பிரியம். ஆனால் ‘எங்கே’ என்று இது சொல்லவே சொல்லாது. கட்டியைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் விட்டு வரைகிறோமே, அந்த பி.டி.வி.யில் 5 சதவீதத்துக்கு டோஸ் குறைகிறது என்று வையுங்கள். அந்த 5 சதவீதம் தோலை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 6 எம்.வி. (மெகாவோல்ட்) எக்ஸ் கதிர் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே போய்த்தான் உச்சத்தைத் தொடும், மேல்தோலில் குறைவது இயல்பு. அதே 5 சதவீதம் கட்டியின் நடுவில் இருந்தால் அந்த பிளானைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டுக்கும் வளைகோடு ஒன்றே!

ஆகவே சிடியின் குறுக்குவெட்டுப் படங்களை ஒவ்வொரு சிலைஸாக உருட்டிப் பாருங்கள். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை. தண்டுவடத்தில் சராசரியைப் பார்த்துப் பயனில்லை. ஒரே இடத்தில் அடிபட்டாலும் அதற்குக் கீழே எல்லாம் போய்விடும். அங்கே உச்ச டோஸ் 45 கிரேயைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பல்லில் உலோகம் அடைத்திருந்தால் சிடியில் கோடு கோடாக விழும். அதைச் சரிசெய்யாமல் விட்டால் மென்பொருள் அந்தக் கோடுகளையே எலும்பாகவும் காற்றாகவும் எண்ணிக் கணக்குப் போடும்.

இன்னொரு விஷயம் உங்கள் கையில் இருக்கிறது. இந்தப் படம் முழுக்க முதல் நாள் சிடியின் மேல் போட்ட கணக்கு. சில வாரங்களில் நோயாளி சரியாகச் சாப்பிட முடியாமல் இளைப்பார். பரோடிட் சுருங்கி உள்பக்கமாக, அதிக டோஸ் இருக்கும் பக்கமாக நகரும். தலை அசையாமல் பிடித்திருக்கும் மாஸ்க் தொளதொள என்று இருப்பதை மெஷினில் நிற்கிற நீங்கள்தான் முதலில் பார்ப்பீர்கள். அன்றைக்கே டோஸ் கணக்கைப் பார்க்கிற பிசிசிஸ்ட்டுக்கு (மருத்துவ இயற்பியலாளருக்கு) ஒரு போன் போடுங்கள். திரும்ப சிடி எடுத்து, பழைய பிளானை இன்றைய உடம்பின் மேல் ஓட்டிப் பார்த்தால், புது பிளான் தேவையா இல்லையா என்று மருத்துவர் முடிவெடுக்க முடியும்.